ஈசான மூலைத் தண்ணீர்

புதிதாக மண் வேலைக்கு வந்திருக்கும் தம்பிமாருக்கு,

உங்கள் ஒன்றுகூடலில் என்னைப் பேசச் சொன்னார்கள். நாலு பேர் முன்னால் நின்றால் எனக்கு நா ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதித் தருகிறேன். யாராவது வாசித்துக் காட்டுங்கள், அல்லது பிரதி எடுத்துக் கொடுங்கள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

ரொறன்ரோவுக்கு வடக்கே, யூனியன்வில்லையும் தாண்டி, கமக்காணிகளை வீட்டுக்காணிகளாக மாற்றும் இடங்களில் எட்டு வருடம் வேலை செய்தேன். இடுப்பு போனதால் ஐம்பத்திரண்டு வயதில் நின்றேன் என்றுதான் எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். குழி எவ்வளவு ஆழம், கரையை எப்படிச் சரிப்பது, மெசினுக்குப் பின்னால் ஏன் நடக்கக் கூடாது என்பதெல்லாம் உங்களுக்கு மேற்பார்வைக்கு நிற்கும் போமன் சொல்லித் தருவார். அவர் சொல்லித் தராத ஒன்று இருக்கிறது. ஒரு நாள் நான் தூக்கிய கையைக் கீழே விட்டேன். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

என் வேலை கை தூக்குவது. மண் வெட்டும் மெசினின் வாளி மண்ணில் இறங்கும்போது, வாளி எட்டாத தூரத்தில் ஒருவன் நின்று குழிக்குள் பார்த்துக்கொண்டிருப்பான். குழாய், கம்பி, பழைய கிணறு, எது தெரிந்தாலும் அவன் கையைத் தூக்க வேண்டும். கை தூக்கினால் மெசின் நிற்க வேண்டும். நிறுத்தியவனிடம் ஏன் என்று போமன் வந்து கேட்பார். அவ்வளவுதான். இங்கிலிஷ் தேவையில்லை, படிப்புத் தேவையில்லை. எனக்கென்றே செய்த வேலை போல இருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஆவணி மாதம். நூறு ஏக்கர் காணி ஒன்றைத் திறந்தோம். மேசை போல நிலம். அதன் சொந்தக்காரர் ஒரு வெள்ளைக்காரக் கிழவர். மனைவி இறந்துவிட்டாள், பிள்ளைகள் வேறு மாகாணத்தில். காணியை விற்றுவிட்டு, பக்கத்து ஊரில் வயது போனவர்களுக்கான கட்டடத்தில் ஒரு அறையில் இருந்தார். ஆனால் தினமும் காலை பத்து மணிக்குத் தன் பச்சை நிறப் பிக்கப்பைக் கொண்டுவந்து தெருவோரம் நிறுத்துவார். கோப்பிப் போத்தலைத் திறப்பார். நாங்கள் வெட்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

என்னோடு தர்மலிங்கம் என்றொருவர் வேலை செய்தார். ஊரில் காணிக் கந்தோரில் கிளாக்கராக இருந்தவர். இங்கே மண்வெட்டி பிடித்தார். நல்ல இங்கிலிஷ், அதைவிட நல்ல வாய். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கிழவர் எங்கள் பக்கம் வந்து ஆப்பிள் மரத்தின் கீழ் உட்காருவார். அவர் பேசுவார், தர்மலிங்கம் எனக்குச் சொல்லுவார்.

"அண்ணை, கிழவன்ர பூட்டன் அமெரிக்காவில பென்சில்வேனியாப் பக்கம் இருந்து மாட்டு வண்டியில வந்தவராம். வண்டிக்குப் பின்னால ஒரு பசுவைக் கட்டிக்கொண்டு."

"ஏனாம் அங்கயிருந்து வந்தவர்?"

"காணி காணாதாம். பொடியள் கூடிப்போச்சினமாம். பிரிச்சுக் குடுக்க ஆளுக்கு ஒரு துண்டுதான் வந்ததாம். எங்கட ஊர்க் கதைதான்."

கிழவர் கைகளால் காட்டிக் காட்டிச் சொன்னார். வந்து பார்த்தால் ஒரே காடாம். நடுப்பகலிலும் வெய்யில் நிலத்தில் படாதாம். முதல் மழைக்கும் முதல் பனிக்கும் ஒரு மரக்குடிலில் ஆறு பேராம். பத்து வருடம் மரம் தறிப்பதுதான் கமமாம். பிறகு கட்டைகளை மாடு கட்டி இழுத்தார்களாம். பிறகு கல்.

"ஒவ்வொரு பனிகாலம் முடியவும் நிலம் கல்லைக் கீழ இருந்து தள்ளிப் பெத்துப் போடுமாம் அண்ணை. மனிசியும் பிள்ளையளும் பொறுக்கி எல்லைக்குக் கொண்டுபோய்க் குவிக்கிறதாம். அந்தா கிடக்கிற கல்லுவேலி முழுக்க அப்பிடி வந்ததுதானாம்."

கோதுமை போட்டார்களாம். மண் களைத்துப்போனதும் பால்மாடு வளர்த்தார்களாம். சந்தியில் ஒரு தேவாலயம், ஒரு கொல்லன் பட்டறை, ஒரே அறையில் ஒரு பள்ளிக்கூடம். ரயில் வந்த பிறகு பால் ரொறன்ரோவுக்குப் போனதாம். இதையெல்லாம் கேட்டுக்கொண்டே சாப்பிட்டேன். ஒரு கேள்விதான் கேட்டேன். இவ்வளவு நல்ல நிலம் அவர்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று.

கிழவர் சிரித்தார். பிக்கப்புக்குப் போய் ஒரு உறையைக் கொண்டுவந்தார். உள்ளே, துணியில் ஒட்டிய தடித்த காகிதம். இலை நரம்பு போலக் கோடுகள். ஆறு கோடுகள் சாய்ந்து வந்து ஒரு பெரிய கோட்டில் சேர்ந்தன. அந்தப் பெரிய கோடு வடகிழக்கு மூலையால் வெளியேறி ஓடைக்குப் போனது.

"இது நல்ல நிலமே இல்லையாம் அண்ணை. சதுப்பாம். சித்திரை மாசத்தில மாடு புதையுமாம். இவற்ற பேரன், தகப்பன்ர தகப்பன், ஒவ்வொரு அறுவடை முடியவும் மண்வெட்டியால வாய்க்கால் மாதிரிக் கான் வெட்டி, சுட்ட களிமண் குழாயை மண்ணுக்கை தாட்டுத் தண்ணியைக் கலைச்சவராம். மூண்டு தலைமுறை வேலையாம். நாங்கள் தண்ணி காணக் கிணறு வெட்ட, உவங்கள் தண்ணியைத் துரத்த வெட்டியிருக்கிறாங்கள்."

ஒவ்வொரு கோட்டின் பக்கத்திலும் ஒரு பெயர், ஒரு வருடம். ஓரிடத்தில் ஒரு சிலுவைக் குறியும் கோணல் எழுத்தும் இருந்தது. அது என்ன என்று விரலால் காட்டினேன்.

"உது இவற்ற தம்பியார் எழுதினதாம். பொடியனா இருக்கேக்கை உழப்போய்க் குழாயை உடைச்சுப்போட்டுப் பேசாமல் இருந்தவராம். அடுத்த வருசம் அந்தப் பக்கத்துச் சோளம் முழுக்க அழுகிப்போச்சாம். தகப்பன் அடிக்கேல்லையாம். பேனையைக் கையில குடுத்து, உடைச்ச இடத்தில உன்ர பேரை எழுது எண்டவராம். இவையின்ர வீட்டு வழக்கம் அதுதானாம். தாட்டவனும் எழுதோணும், உடைச்சவனும் எழுதோணும்."

அந்தக் காகிதத்தைக் கிழவர் ஏற்கெனவே போமனிடம் நீட்டியிருக்கிறார். தங்களிடம் கந்தோர் வரைபடம் இருக்கிறது என்று போமன் கையை விசுக்கியிருக்கிறார். கிழவர் இப்போது அதை என்னிடம் தந்தார். ஏன் என்னிடம் என்று தெரியவில்லை. விரலால் கோட்டைத் தொட்டுப் பார்த்தவன் நான் என்பதாலோ என்னவோ.

"போமனிட்டைக் குடுக்கட்டாம். பெரிய குழாயை மூடினால் தண்ணி திரும்பி வருமாம்" என்றார் தர்மலிங்கம்.

"நீர் குடுமன். உமக்குத்தான் பாசை தெரியும்."

"உங்களிட்டைத்தானே தந்தவர்? ஊரில எண்டால் உது காணி உறுதிப் பத்திரத்தில ஏறியிருக்கும் அண்ணை. வழிவாய்க்கால் எண்டு எழுதாமல் நாங்கள் ஒரு பரப்புக் காணி கை மாற விட்டதில்லை. பேப்பரை நீட்டுறதுக்கு என்ன இங்கிலிஷ்?"

அவர் சொன்னது சரி. ஆனால் அதற்கு இரண்டு நாள் முன்பு நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். வாளி தூக்கிய மண்ணில் ஏதோ இரும்பு மின்னியது. நான் கை தூக்கினேன். மெசின் நின்றது, லொறிகள் நின்றன, போமன் சேற்றில் நடந்து வந்தார். அது பழைய கலப்பைக் கொழு, அரைவாசி துருவாகிவிட்டது. அவர் அதை எடுத்து எல்லோருக்கும் உயர்த்திக் காட்டி ஏதோ சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என்ன சொன்னார் என்று பிறகு தர்மலிங்கத்திடம் கேட்டேன். "உவர் மியூசியம் திறக்கப் போறாரோ எண்டு கேட்டவர் அண்ணை. விடுங்கோ, பகிடிதானே." பகிடிதான். ஆனால் என் காது அன்று முழுவதும் சுட்டது.

அதனால் காகிதத்தைப் பிளாஸ்ரிக் பையில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்தேன். நாளைக்குக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். மறுநாள் தர்மலிங்கத்தை வேறு இடத்து வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். தனியாகப் போய் நீட்ட என்னால் முடியவில்லை. போமன் கந்தோராக வைத்திருந்த ட்றெயிலரின் கதவுவரை இரண்டு தரம் போனேன். இரண்டு தரமும் தண்ணீர் குடிக்க வந்தவன் போலத் திரும்பினேன்.

வெள்ளிக்கிழமை, கிழவரின் பிக்கப் வராத நாள், வடகிழக்கு மூலையை வெட்டினோம். பின்னேரம் மழை வரும் என்று போமன் அவசரப்பட்டுக்கொண்டிருந்தார். வாளி மேலே வந்தபோது மண்ணோடு சிவப்பு ஓடுகள் வந்தன. குழிச் சுவரில் உடைந்த குழாயின் வாய் தெரிந்தது. அதிலிருந்து தண்ணீர் ஓடிவந்தது. ஆவணி மாதத்தில், மூன்று வாரம் மழை இல்லாத நிலத்தில், கண்ணாடி மாதிரித் தண்ணீர்.

என் கை தோள்வரை எழும்பியது. போமன் பக்கத்தில்தான் நின்றார். என்னைப் பார்த்தார். அந்தக் கையால் நெற்றி வியர்வையைத் துடைத்தேன்.

மெசின் ஓட்டியவர் ஒரு கணம் வாளியை இறக்காமல் காத்திருந்தார். நான் தலையசைத்தேன். வாளி இறங்கியது. மத்தியானத்துக்கு முன் அந்த மூலையை மண் போட்டு இறுக்கிவிட்டோம்.

இப்போது இதைவிட வெட்கமானதைச் சொல்ல வேண்டும். அன்று எனக்குப் பயம் மட்டும் இருக்கவில்லை, சந்தோசமும் இருந்தது. நான் செம்மண் ஊர்க்காரன். எங்கள் பக்கத்தில் தண்ணீர் காண வெடி வைத்துப் பாறையைப் பிளக்க வேண்டும். கிணற்றுக்கு நல்ல இடம் ஈசான மூலை, அதாவது வடகிழக்கு. அந்த மூலையில் நல்ல தண்ணீர் கண்டால் அந்த வளவு விளங்கும் என்பார்கள். சாப்பாட்டு நேரத்தில் மெசின் வாளியில் மிஞ்சிய தண்ணீரில் கை கழுவினேன். குளிர்ந்திருந்தது, மணமில்லை. கிழவர் தந்த காகிதம் நெஞ்சில் இருக்க, ஈசான மூலையில் தண்ணீர் உள்ள காணி என்று என் மனம் ஒரு பக்கம் பூரித்துக்கொண்டிருந்தது. கலைக்க வேண்டிய தண்ணீர் என்று கிழவர் சொன்னதைக் காது கேட்டது. நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் அந்த மூலையைப் பற்றிச் சொன்னேன். அவள் தங்கை ராணியிடம் சொன்னாள். ராணியின் கணவன் குகன், என் சகலன், அப்போது வீடு பார்த்துக்கொண்டிருந்தான். வோபர்னில் எங்களுடைய கட்டடத்திலேயே இரண்டு மாடி மேலே இருந்தார்கள். இரண்டு பிள்ளைகள். அடுத்த வருடம் அந்த இடத்தில் வீடுகள் எழும்பியபோது அவன் வேறு எந்த மூலையையும் பார்க்கவில்லை.

வாங்கிய புது வீட்டில் பால் காய்ச்சிய அன்று வந்தவர்களுக்கெல்லாம் என்னைக் காட்டினான். "அண்ணைதான் நிலம் பாத்துத் தந்தவர். மண்ணுக்கை நிண்டு வேலை செய்யிற மனிசன், சும்மா சொல்லுவாரே?" நான் குசினிக்குப் போய்க் கோப்பைகள் கழுவினேன். கூச்சம் என்று நினைத்துக்கொண்டார்கள். காகிதம் என் வீட்டு அலுமாரியில் குளிர் ஜக்கெற்றுகளுக்கு அடியில் கிடந்தது.

முதல் பனிகாலம் முடிந்து உருகத் தொடங்கியபோது குகன் காலையில் தொலைபேசி எடுத்தான். போய்ப் பார்த்தேன். வீட்டின் அடியில் இருக்கும் பேஸ்மென்றின் சீமெந்துத் தரையில், மூலைகளில் இருந்தல்ல, நடுவில் இருந்து தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. தெளிந்த தண்ணீர். எனக்கு அதைத் தெரியும். அதில் கை கழுவியிருக்கிறேன்.

அங்கே ஒரு பயணப் பெட்டி இருந்தது. இடம்பெயர்ந்து நடந்தபோது குகனின் தகப்பன் நெஞ்சோடு கட்டிக்கொண்டு வந்த காணி உறுதிகள் அதற்குள் இருந்தன. வெடி, ஆமி, வன்னி மழை எல்லாவற்றுக்கும் தப்பி இங்கே வந்தவை. ராணி அவற்றைக் குசினித் தரையில் பரப்பி, தலைமயிர் காய வைக்கும் கருவியால் காற்றுப் பிடித்துக்கொண்டிருந்தாள். தாள் தாளாக நீல மை பரவிக் கிடந்தது.

"எழுத்து வராது, விடும்" என்றான் குகன். பிறகு என்னைப் பார்த்து, "வீடு கட்டின கொம்பனி ஆள் வந்து பாத்தவன் அண்ணை. நாங்கள் பூக்கண்டுக்கு அளவுக்கு மிஞ்சித் தண்ணி விட்டிட்டமாம். பங்குனி மாசத்துப் பனியில ஆர் அண்ணை பூக்கண்டுக்குத் தண்ணி விடுறது? கீழ ஏதும் குழாய் கிடந்ததோ எண்டு கேட்டன். இல்லையாம். வரைபடத்தில ஒண்டும் இல்லையாம். நீங்கள் அங்க நிண்டனீங்கள்தானே, ஏதும் கண்டனீங்களோ?"

"ஞாபகமில்லை" என்றேன்.

ஒன்பது நாள், வேலை முடிந்ததும் போய், அவனோடு சேர்ந்து வாளியால் இறைத்தேன். ஊரில் தோட்டத்துக்கு இறைத்தவன். இங்கே தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டே இறைத்தேன். ஒவ்வொரு நாளும் போகும்போது குகன் "உங்களுக்கும் அலைச்சல் அண்ணை" என்பான். அதைத் தாங்க முடியவில்லை. பத்தாம் நாள் தர்மலிங்கத்தைக் கூட்டிக்கொண்டு கிழவரைத் தேடிப் போனேன்.

அவர் ஜன்னலோரம் ஒரு கதிரையில் இருந்தார். பிக்கப் ஓட்டும் உரிமத்தை எடுத்துவிட்டார்களாம். நன்றாக மெலிந்திருந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டார். தர்மலிங்கம் வந்த காரியத்தைச் சொல்ல முன்பே ஒன்று கேட்டார்.

"குடுத்தனீங்களோ எண்டு கேக்கிறார் அண்ணை."

"இல்லை எண்டு சொல்லும்."

"நான் சொல்லமாட்டன். உந்த ஒரு சொல்லு உங்களுக்குத் தெரியும். நீங்களே சொல்லுங்கோ."

நான் "நோ" என்றேன். அந்த அறையில் அது மிகவும் சத்தமாகக் கேட்டது. கிழவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏச்சு வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"அந்த வீட்டில சின்னப் பிள்ளையள் இருக்கினமோ எண்டு கேக்கிறார்."

"ரெண்டு பேர்."

அதன்பிறகு எந்த எல்லைக் கல்லில் இருந்து எத்தனை அடி எடுத்து வைத்தால் பெரிய குழாய் வரும் என்று சொன்னார். தர்மலிங்கம் எழுதிக்கொண்டார். நாங்கள் எழும்பியபோது கிழவர் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். கை நீட்டினேன். அவர் பார்க்கவில்லை.

அன்று பின்னேரமே குகனின் சாப்பாட்டு மேசையில் காகிதத்தை விரித்தேன். அவன் கோடுகளைப் பார்த்தான். தன் வீடு இருக்கும் மூலையைப் பார்த்தான். 

"எப்ப இருந்து அண்ணை உது உங்களிட்டை இருக்கு?"

"வெட்ட முதலே."

"வெட்ட முதலே" என்று அவன் திருப்பிச் சொன்னான். கோபம் இல்லாமல், எழுத்துக் கூட்டி வாசிப்பவன் போலச் சொன்னான். பிறகு எழும்பிக் கீழே போனான். வாளிச் சத்தம் கேட்டது. நானும் போகப் படியில் கால் வைத்தேன். "வேண்டாம், நீங்கள் வீட்டை போங்கோ" என்றாள் ராணி.

குகன் காட்டிய காகிதத்தைக் கண்டதும் கொம்பனிக்காரர் என்னை அழைத்தார்கள். அந்தக் கந்தோரில் ஐந்து பேர், ஒரு பெரிய மேசை. தர்மலிங்கம் உதவிக்கு வரவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். எனக்குத் தெரிந்த சொற்களைச் சேர்த்து, நான் கண்டேன், தண்ணீர் ஓடியது, கை தூக்கவில்லை என்று சொன்னேன். வெட்டியபோது போமன் எதையும் காணவில்லையா என்று கேட்டார்கள். பார்ப்பது என் வேலை என்றேன். அது உண்மை.

கிழவர் சொன்ன கல்லில் இருந்து, சொன்ன அடியில், குழாய் இருந்தது. அதைத் தெருவோர மழைநீர்க் கானோடு இணைத்தார்கள். இரண்டு கிழமையில் குகனின் பேஸ்மென்ற் காய்ந்துவிட்டது. அடுத்த திங்கள் அஜின்கோர்ட்டில் வழமையான கோப்பிக் கடை வாசலில் வேலைக்கு ஆள் ஏற்றும் வான் வரும் என்று நின்றேன். வான் வந்தது. என் பெயரைக் கூப்பிடவில்லை. என் இடுப்பு அதற்கு முன்பே போய்த்தான் இருந்தது. ஆனால் நான் நின்றது இடுப்பால் அல்ல.

குகன் அந்த வீட்டில் ஒரு வருடம்கூட இருக்கவில்லை. மழை பெய்தால் பிள்ளைகள் எழும்பிக் கீழே போய்ப் பார்க்கிறார்கள் என்று ராணி தன் அக்காவிடம் சொன்னாளாம். விற்றுவிட்டு ஒரு அப்பாட்மென்றுக்குப் போய்விட்டார்கள். ராணி இப்போதும் தொலைபேசி எடுப்பாள். நான் எடுத்தால் "அக்காவிட்டைக் குடுங்கோ" என்பாள். முன்பு, "என்ன அத்தான், சாப்பிட்டாச்சோ?" என்று தொடங்குவாள்.

தம்பிமாரே, உங்களுக்கு நான் சொல்வது இதுதான். நீங்கள் நிற்கும் நிலம் வெறும் நிலம் அல்ல. இது இப்படியே கிடந்தது என்று நினைக்காதீர்கள். மாட்டு வண்டியில் வந்தவர்கள் காட்டை வெட்டி, கல்லைப் பொறுக்கி, தண்ணீரைக் கலைத்துச் செய்து வைத்தது. அதன்மேல்தான் எங்கள் ஆட்கள் வீடு வாங்குகிறார்கள். நமது ஊரின் கண்ணை வைத்துக்கொண்டு இந்த மண்ணைப் பார்க்காதீர்கள். எதையாவது கண்டால் கையைத் தூக்குங்கள். கலப்பைக் கொழுவாக இருந்தால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். சிரிப்பு ஒரு நாளோடு போகும்.

கிழவர் அந்த வருடம் இலை உதிரும் காலத்தில் இறந்துபோனார். நான் செய்தி அறிந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. வீடு மாறும்போது குகன் எங்கள் வாசல்வரை வந்து காகிதத்தை என்னிடம் தந்துவிட்டு, செருப்புக் கழற்றாமலே திரும்பிப் போனான்.

ஒரு பின்னேரம் அதை மேசையில் விரித்தேன். கோடு கோடாகப் பெயர்கள். பூட்டன், பேரன், தகப்பன், குழாயை உடைத்த தம்பி. எனக்குப் பேனை தர யாரும் மிஞ்சவில்லை. எங்கள் பிள்ளையின் பள்ளிக்கூடப் பையில் இருந்து ஒன்று எடுத்தேன். வடகிழக்கு மூலையில், பெரிய கோடு வெளியேறும் இடத்தில், ஒரு சிலுவைக் குறி போட்டேன். என் பெயரைத் தமிழில் எழுதினேன். வருடத்தைப் போட்டேன். அதன் கீழே, இடம் காணாததால் சின்ன எழுத்தில், "உடைத்தது நான்" என்று எழுதினேன்.